பற்றாக்குறை வந்தால் யாருடைய மடை முதலில் அடைபடுகிறது?

கேள்வி இதுதான்: “தண்ணீர் மனித உரிமை என்று ஐ.நா. சபையே ஏற்றுக்கொண்ட பிறகு அதற்குக் கட்டணம் வாங்குவது நியாயமா? தண்ணீர் நிர்வாகம் அரசிடம் இருக்க வேண்டுமா, தனியாரிடம் விடலாமா, பயன்படுத்தும் மக்களிடமே கொடுத்துவிடலாமா?”

கட்டணத்தைப் பற்றிய குழப்பம் எளிதில் தீரக்கூடியது. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை குடிநீரையும் துப்புரவு வசதியையும் மனித உரிமையாக ஏற்றது. பொலிவியா கொண்டுவந்த தீர்மானம் அது. 122 நாடுகள் ஆதரித்தன, ஒரு நாடும் எதிர்க்கவில்லை, 41 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. இந்த உரிமைக்குள் என்னென்ன அடங்கும் என்பதை அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2002 இல், ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் குழு எழுதிவைத்துவிட்டது. தண்ணீர் போதுமானதாக, பாதுகாப்பானதாக, ஏற்கத்தக்கதாக, எட்டும் தூரத்தில், கட்டுப்படியாகும் செலவில் கிடைக்க வேண்டும். இலவசம் என்ற சொல் அந்த வரையறையில் இல்லை. ஆகவே கட்டணம் வாங்குவதனாலேயே உரிமை மீறப்படுவதில்லை. கட்ட வழியில்லாதவரின் குழாயை மூடும்போது மீறப்படுகிறது.

1992 இல் டப்ளினில் நடந்த பன்னாட்டு நீர் மாநாடு தண்ணீரைப் பொருளாதாரப் பண்டம் என்று அறிவித்ததிலிருந்து, பண்டமா உரிமையா என்று இரண்டு அணிகள் வாதாடிவருகின்றன. இரண்டு அணியினரிடமும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இருவரும் தாண்டிப்போய்விடும் ஓர் இடம் இருக்கிறது. அதைச் சொல்ல நம் மொழியில் நல்ல சொற்கள் இருக்கின்றன. வாய்க்கால் தொடங்கும் இடத்தில் இருப்பது தலைமடை. தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் கடைமடை. தண்ணீர் தாராளமாக வரும் ஆண்டில் இந்த வேறுபாடே தெரியாது. எல்லா விதிகளும் நல்ல விதிகளாகத் தோன்றும், எல்லா நிர்வாகிகளும் நேர்மையானவர்களாகத் தெரிவார்கள். குறையும் ஆண்டில்தான் யாருடைய மடையை முதலில் அடைப்பது என்று யாரோ ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவை எடுப்பவர் யார், எந்தக் கணக்கை வைத்து எடுக்கிறார், கடைமடையில் இருப்பவர் எழுந்து கேட்டால் பதில் சொல்ல ஆள் உண்டா? நீர் ஆளுகையின் அறமும் அரசியலும் எனக்குத் தெரிந்தவரை இந்த மூன்றில்தான் நிற்கின்றன. அரசா தனியாரா என்ற கேள்வி இவற்றுக்குப் பிறகு வருகிறது.

கம்போடியாவின் தலைநகரைப் பாருங்கள். 1993 இல் ஏக் சொன் சான் என்பவர் புனோம் பென் நீர் வாரியத்தின் பொறுப்பை ஏற்றபோது, வாரியம் அனுப்பிய தண்ணீரில் சுமார் 72 சதவீதத்திற்குக் காசு வரவில்லை. பல ஆண்டுப் போரில் சிதைந்த குழாய்களில் ஒழுகியது ஒரு பங்கு. திருட்டு இணைப்புகளில் போனது இன்னொரு பங்கு. அதிகாரத்தில் இருந்தவர்களும் படை அதிகாரிகளும் கட்டாமல் விட்டது மற்றொரு பங்கு. குழாய் எட்டாத ஏழைகளோ தண்ணீர் விற்பவர்களிடம் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் எல்லா இணைப்புகளுக்கும் மீட்டர் வைத்தார், பெரிய மனிதர்கள் வீட்டிலும் வைத்தார், கட்டாதவர்களின் இணைப்பைத் துண்டித்தார், ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகை கொடுத்தார். இழப்பு 6 சதவீத அளவுக்கு இறங்கியது. இவ்வளவும் செய்தது ஓர் அரசு வாரியம். 2006 இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. தண்ணீர் இலவசமாகவே இருக்க வேண்டும் என்று நல்ல மனதோடு சொல்பவர்களிடம் நான் இந்த நகரத்தைத்தான் காட்டுவேன். கட்டணம் வசூலாகாத ஊரில் இலவசத் தண்ணீர் யாருக்குக் கிடைக்கிறது என்று கேளுங்கள். குழாய் இருப்பவருக்குத்தான் கிடைக்கிறது. குழாய் நீளவே இல்லாத தெருவில் இருப்பவர் அந்த இலவசத்துக்கும் சேர்த்துத் தலைச்சுமையாகவும் காசாகவும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். உலக அளவில், வீட்டு வளாகத்துக்குள் தண்ணீர் இல்லாத பத்துக் குடும்பங்களில் ஏழில் தண்ணீர் எடுத்துவருவது பெண்களின், சிறுமிகளின் வேலை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2023 இல் சொல்லியிருக்கின்றன. அந்தச் சிறுமியின் நேரம் எந்த வாரியத்தின் வரவுசெலவிலும் ஏறுவதில்லை.

ஆனால் மீட்டரே நியாயமாகிவிடாது. அதற்குச் சாட்சி ஜோகன்னஸ்பர்க். நான் அடிக்கடி திரும்பிப் போய் யோசிக்கும் வழக்கு இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவின் 1996 அரசமைப்பு, 27ஆம் பிரிவில், போதுமான தண்ணீர் பெறும் உரிமையை எல்லோருக்கும் கொடுத்தது. உலகில் மிகச் சில அரசமைப்புகளே அன்று இதைச் செய்திருந்தன. அதன் தொடர்ச்சியாக மாதம் 6,000 லிட்டர் இலவச அடிப்படைத் தண்ணீர் என்ற கொள்கையும் வந்தது. கணக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர், வீட்டுக்கு எட்டுப் பேர், முப்பது நாள். பெருக்கினால் 6,000. ஆனால் இந்த அளவு ஓர் இணைப்புக்குத்தான். சொவேட்டோவின் ஃபிரி பகுதியில் ஒரே மனையில், ஒரே இணைப்பை நம்பி, எட்டுப் பேருக்கும் மேல் வாழ்ந்தார்கள். அங்கே நகராட்சி முன்கட்டண மீட்டர்களைப் பொருத்தியது. இலவச அளவு தீர்ந்ததும், காசு போடாவிட்டால், மீட்டர் தானாகவே மூடிக்கொள்ளும்.

அந்தப் பகுதி மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2008 இல் உயர்நீதிமன்றம் ஆளுக்கு 50 லிட்டர் கொடுக்கச் சொன்னது, மீட்டர்களும் சட்டவிரோதம் என்றது. 2009 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 42 லிட்டராக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் அரசமைப்பு நீதிமன்றம் இரண்டையும் தள்ளிவிட்டது. எத்தனை லிட்டர் என்று முடிவுசெய்வது அரசின் வேலை, நீதிமன்றத்தின் வேலை அது இல்லை, நகராட்சியின் கொள்கை நியாயமான வரம்புக்குள் இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் பொறியாளர்கள் ஆகக் கூடாது என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் என்னை உறுத்துவது லிட்டர் கணக்கு மட்டுமில்லை. வசதியான பகுதிகளில் பயன்படுத்திய பிறகு பில் வரும். கட்டத் தவறினால் நோட்டீஸ் வரும், அவகாசம் கிடைக்கும், அலுவலகத்தில் போய் முறையிடலாம். ஃபிரியில் இவை எதுவும் இல்லை. யாரும் வந்து துண்டிப்பதில்லை என்பதால் யாரிடமும் போய்க் கேட்கவும் முடியாது. உரிமை என்பதன் பொருளே கேட்க இடம் இருப்பதுதான். அதை ஒரு கருவி அமைதியாக எடுத்துவிட்டது.

படிநிலைக் கட்டணத்திலும் இதே கண்ணி இருக்கிறது. குறைவாகப் பயன்படுத்தினால் குறைந்த விலை, கூடக் கூட விலை கூடும் என்பது கேட்பதற்கு நீதியாக இருக்கிறது. மூன்று குடும்பங்கள் ஒரே இணைப்பைப் பகிர்ந்தால் மூன்றும் சேர்ந்து உயர்ந்த படிக்கு ஏறிவிடுகின்றன. தனி வீட்டில் இருவர் மட்டும் வாழும் பணக்காரக் குடும்பம் கீழ்ப்படியிலேயே நின்றுவிடலாம். தலையை எண்ணாமல் குழாயை எண்ணும் எந்தத் திட்டமும் ஏழையைத்தான் முதலில் தண்டிக்கும்.

இனி அரசா தனியாரா. கொச்சபாம்பாவின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1999 இல் பொலிவியாவின் அந்த நகரத்துத் தண்ணீர், பெக்டெல் நிறுவனத்தோடு தொடர்புடைய ஒரு கூட்டு நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் போனது. கட்டணம் சட்டென்று ஏறியது. குடியிருப்புகள் தாங்களே வெட்டிய கிணறுகளும், தாங்களே போட்ட குழாய்களும் கைவிட்டுப் போகும் என்ற அச்சம் எழுந்தது. 2000 தொடக்கத்தில் ஊரே தெருவுக்கு வந்தது. துப்பாக்கிச் சூட்டில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்தானது. நிறுவனம் பன்னாட்டு நடுவர் மன்றத்தில் இழப்பீடு கேட்டது, 2006 இல் பெயரளவுத் தொகைக்கு ஒப்புக்கொண்டு விலகியது. கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். தண்ணீர் மறுபடியும் பொது நிறுவனத்திடம் வந்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகும், போராட்டத்தில் முன்னே நின்ற தெற்குப் பகுதி ஏழைக் குடியிருப்புகளில் பலர் டேங்கர் லாரியில்தான் தண்ணீர் வாங்கினார்கள். குழாய் அங்கே போய்ச் சேரவில்லை. நிர்வாகத்தின் பெயர்ப்பலகை மாறியபோதும் கடைமடை அதே இடத்தில் இருந்தது.

அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரில் தனியார் யாரும் இல்லை. நகரம் கடனில் இருந்ததால் மிச்சிகன் மாநில அரசு நியமித்த நெருக்கடி நிர்வாகி ஒருவரிடம் முடிவெடுக்கும் அதிகாரம் இருந்தது. 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க ஃபிளிண்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள், அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல். பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் கரைந்தது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த ஊரில், கலங்கிய தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு தாய்மார்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க் காட்டினார்கள். பாதுகாப்பானது என்றே பதில் வந்தது. 2014 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, இந்தத் தண்ணீர் தன் எந்திரப் பாகங்களை அரிக்கிறது என்று சொல்லி வேறு இணைப்புக்கு மாறிக்கொண்டது. மக்களுக்குப் பழைய தண்ணீர் திரும்பியது 2015 அக்டோபரில். இரும்புக்குக் கிடைத்த காது குழந்தைகளுக்கு ஓராண்டு பிந்தித்தான் கிடைத்தது. வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்றத்தின் அதிகாரம் பறிக்கப்பட்டிருந்ததும் இந்தத் தாமதமும் தனித்தனிச் செய்திகள் என்று நான் நினைக்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், என் சாய்வு பொது நிர்வாகத்தின் பக்கம்தான். ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்கள் இரண்டு குழாய் போட்டுப் போட்டியிட முடியாது. பிடிக்கவில்லை என்றால் வேறு கடைக்குப் போகும் வசதி தண்ணீரில் இல்லை. போட்டி இல்லாத இடத்தில் லாப நோக்கத்தைக் கட்டுப்படுத்த மிக வலுவான ஒழுங்குமுறை ஆணையம் வேண்டும். அப்படி ஒன்றை நடத்தும் திறன் இருக்கும் அரசு, குழாயையும் தானே நடத்த முடியும். பாரிஸ் நகரம் 2010 இல் தண்ணீரைத் தனியாரிடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு கட்டணத்தை 8 சதவீதம் குறைத்தது.

தண்ணீர் உரிமையையே சந்தையில் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சிலி நாடு போதும். 1981 நீர்ச் சட்டம் தண்ணீரை நிலத்திலிருந்து பிரித்து, வாங்கி விற்கக்கூடிய தனிச் சொத்தாக்கியது. பெட்டோர்க்கா பள்ளத்தாக்கில் ஏற்றுமதிக்கான அவகாடோ தோட்டங்கள் மலைச்சரிவில் பச்சையாக நின்றன. கீழே ஆறு வறண்டது, ஊர்மக்களுக்கு லாரியில் தண்ணீர் வந்தது. குடிக்கும் தண்ணீருக்கு முன்னுரிமை என்ற வரியை அந்தச் சட்டத்தில் சேர்க்க 2022 வரை ஆயிற்று.

மக்களிடமே கொடுத்துவிடலாமா என்ற மூன்றாவது வழி என் மனதுக்கு நெருக்கமானது. அதனாலேயே அதை அதிகக் கண்டிப்போடு பார்க்கிறேன். ஸ்பெயினின் வலென்சியாவில் வியாழக்கிழமைதோறும் நண்பகலில், பேராலய வாசலில், விவசாயிகள் தேர்ந்தெடுத்த எட்டுப் பேர் உட்கார்ந்து வாய்க்கால் வழக்குகளைத் தீர்க்கிறார்கள். விசாரணை முழுக்க வாய்மொழி, தீர்ப்பு அங்கேயே. 2009 இல் யுனெஸ்கோ இதை மனிதகுலப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அங்கே ஒருவரின் பங்கு இத்தனை லிட்டர் என்று எழுதப்படவில்லை, வருகிற தண்ணீரில் இத்தனை பாகம் என்று எழுதப்பட்டிருக்கிறது. குறைந்தால் எல்லோருக்கும் குறைகிறது. எலினோர் ஆஸ்ட்ரம் இத்தகைய அமைப்புகளை உலகெங்கும் ஆராய்ந்து, பொதுவளத்தை மக்கள் தாங்களே நெடுங்காலம் காக்க முடியும் என்று நிறுவினார். 2009 இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் அவர்.

ஆனால் மக்கள் என்று சொல்லும்போது யார் அந்த வட்டத்துக்குள் இருக்கிறார்கள்? மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் சவ்தார் குளத்தை எல்லாச் சாதியினருக்கும் திறந்துவிட்டதாக நகராட்சி 1924 இல் தீர்மானமே போட்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு பம்பாய் சட்டமன்றமும் பொதுக் குளங்கள் எல்லோருக்கும் உரியவை என்று தீர்மானித்திருந்தது. காகிதத்தில் எல்லாம் சரி. தலித்துகளால் ஒரு கை தண்ணீர் அள்ள முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து சென்று அந்தக் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். திரும்பியவர்களை அடித்தார்கள், குளத்துக்குத் தீட்டுக்கழிப்புச் சடங்கு செய்தார்கள். வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் முடிவடைந்தது 1937 இல். பத்தாண்டுகள். ஊரின் கூட்டு மேலாண்மையைப் புகழ்பவர்கள் இந்தக் குளத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு புகழ வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஊர் தன் தண்ணீரை மிகத் திறமையாக நிர்வகித்துக்கொண்டே, ஊரில் ஒரு பகுதியைக் கரைக்கு வெளியே நிறுத்திவைக்கவும் முடியும்.

நாடுகளுக்கு இடையிலும் கதை இதுதான். அளவு மட்டும் பெரியது. 1895 இல் ரியோ கிராண்டே ஆற்றுத் தகராறில், தன் எல்லைக்குள் ஓடும் தண்ணீரை என்ன செய்தாலும் மெக்சிகோவுக்குப் பதில் சொல்லக் கடமை இல்லை என்று அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞர் ஹார்மன் கருத்து எழுதினார். தலைமடைக்காரர்களின் ஆசையை அதைவிட வெளிப்படையாக யாரும் எழுதியதில்லை. 1906 இல் அமெரிக்காவே அதை நடைமுறையில் விட்டு, தண்ணீர் தர ஒப்பந்தம் செய்தது. நியாயமான பகிர்வு, பெருந்தீங்கு செய்யாமை என்ற இரண்டு நெறிகளை வைத்து 1997 இல் ஐ.நா. ஆற்று உடன்படிக்கையைக் கொண்டுவந்தபோது 103 நாடுகள் ஆதரித்தன, துருக்கி, சீனா, புருண்டி ஆகிய மூன்றும் எதிர்த்தன. மூன்றும் பெரிய ஆறுகளின் மேற்பகுதியில் இருப்பவை.

இதை வைத்து மேலே இருப்பவர் வலியவர், கீழே இருப்பவர் எளியவர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நைல் ஆற்றில் 1959 ஒப்பந்தம் எகிப்துக்கு 55.5 பில்லியன் கன மீட்டரும் சூடானுக்கு 18.5 பில்லியனும் கொடுத்தது. அஸ்வானை வந்தடையும் தண்ணீரில் சுமார் 85 சதவீதத்தைத் தரும் எத்தியோப்பியாவை யாரும் அழைக்கவே இல்லை. அங்கே மலையுச்சியே கடைமடையாக இருந்தது. 2011 இல் எத்தியோப்பியா தொடங்கிய பேரணையை, பேச்சுவார்த்தை மேசையில் அதற்கு இடம் இல்லாதிருந்த அந்த வரலாற்றோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றிலும் அப்படித்தான். மழை அதிகம் பெய்த ஆண்டுகளின் கணக்கை நம்பி 1922 இல் ஏழு மாநிலங்கள் ஆற்றைப் பங்கிட்டன. இல்லாத தண்ணீரும் அந்தப் பங்கில் சேர்ந்துவிட்டது. முதலில் வந்தவருக்கே முதல் உரிமை என்பது அந்த மேற்கு நிலத்தின் நீர் விதி. எல்லோருக்கும் முன்பே அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளோ பேச்சுவார்த்தையில் இல்லை. நவஹோ மக்களுக்கான தண்ணீர்த் தேவையைக் கணக்கிட்டு உறுதிசெய்யும் கடமை 1868 உடன்படிக்கைப்படி அரசுக்கு இல்லை என்று 2023 இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

காவிரியில் 2018 பிப்ரவரி 16 அன்று உச்சநீதிமன்றம் 740 டி.எம்.சி.யைப் பிரித்தபோது தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று வைத்தது. இந்த எண்களை நாம் மனப்பாடமாகச் சொல்கிறோம். சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலில் சேர்வதற்கு 4 என்ற மீதிக் கணக்கை யாரும் சொல்வதில்லை. ஆற்றுக்கென்று ஒரு பங்கு அங்கே எழுதப்பட்டிருக்கிறது. ஆனாலும் கரையின் இருபுறமும் எல்லாக் கட்சிகளின் மேடையிலும் “வீணாகக் கடலில் கலக்கிறது” என்ற பேச்சு மாறவில்லை. கழிமுகத்துக்கு நன்னீர் வராவிட்டால் கடல் உள்ளே ஏறும், கிணறு உப்பாகும், ஆறு கொண்டுவரும் வண்டல் நின்றால் கடற்கரை தேயும், உவர்நீரில் வளரும் மீனும் இறாலும் குறையும். அங்கே வலை வீசிப் பிழைப்பவரும் ஒரு கடைமடைக்காரர்தான். தீர்ப்பாயத்தில் அவருக்கு வழக்கறிஞர் இல்லை.

கண்ணில் தெரியும் ஆற்றுக்கே இந்த நிலை என்றால் நிலத்தடி நீரை என்ன சொல்வது. 1843 இல் இங்கிலாந்தில் ஆக்டன் எதிர் பிளண்டல் வழக்கில், தன் நிலத்துக்கடியில் இருக்கும் தண்ணீரை உரிமையாளர் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம், அண்டை வீட்டுக் கிணறு வற்றினாலும் அது குற்றமில்லை என்று முடிவானது. பூமிக்கடியில் நீர் எப்படி ஓடுகிறது என்று தெரியாத காலத்தின் சட்டம் அது. இன்று நன்றாகவே தெரியும். தெரிந்தும், அந்தச் சிந்தனையின் மிச்சம் பல நாடுகளின் சட்டங்களில் இருக்கிறது, இந்தியாவின் 1882 வசதியுரிமைச் சட்டத்திலும் இருக்கிறது. விளைவு, ஆழமாகத் தோண்டக் காசுள்ளவர் தலைமடைக்காரர். நிலமே இல்லாதவர் வரிசையிலேயே இல்லை.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: குழாய் பொது நிறுவனத்திடம் இருக்கட்டும், பயன்படுத்தியதற்குக் கட்டணம் இருக்கட்டும், உயிர்வாழத் தேவையான அளவு தலைக்கணக்கில் கட்டணமின்றி இருக்கட்டும், அந்த அளவை எந்தக் கடனுக்காகவும் எந்த மீட்டரும் நிறுத்தக் கூடாது. ஆற்றிலும் ஏரியிலும் பங்கை அளவாக எழுதாமல் விகிதமாக எழுத வேண்டும். அளவீடு ஒரு தரப்பின் கையில் இல்லாமல் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வேண்டும். பாதிக்கப்படுபவர், குறிப்பாகத் தண்ணீர் சுமக்கும் பெண்களும் நிலமற்றவர்களும், முடிவெடுக்கும் இடத்தில் வாக்கோடு உட்கார வேண்டும். பார்வையாளராக அழைத்தால் போதாது.

எந்த நீர் நிறுவனத்தையும் எடைபோட நான் முதலில் கேட்கும் தாள் ஒன்று உண்டு. அணை பாதியாக, கால்வாசியாக இறங்கினால் எந்தத் தேவையை எந்த வரிசையில் எவ்வளவு குறைப்பார்கள் என்று, அணை நிரம்பியிருக்கும் நாளிலேயே எழுதி, எல்லோரும் படிக்க வெளியிட்டிருக்க வேண்டிய தாள் அது. தொழிற்சாலை எத்தனையாவது, புல்வெளி எத்தனையாவது, கடைசித் தெருவின் குழாய் எத்தனையாவது என்று அதில் இருக்க வேண்டும். உங்கள் பகுதிக்குத் தண்ணீர் தருபவர்களிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். இல்லை என்று சொன்னால், வரிசை எழுதப்படவில்லை என்றுதான் பொருள். வரிசை இருக்கிறது, யாரோ சிலருக்கு அது தெரியும்.